சர்வர் சங்கதி: கரண்ட் பில்லா, லைசென்ஸ் பில்லா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ராயபுரத்தில் சர்வர் பராமரிப்புத் தொழில் நடத்துபவர்.

கேள்வி: தம்புச் செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்சியில் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. பழைய சர்வரை மாற்ற மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். முதலாவதில் இரண்டு ப்ராசஸர், ஒவ்வொன்றிலும் 16 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவு), சராசரி 310 வாட். இரண்டாவதில் ஒரே ப்ராசஸர், வேகமான 16 கோர், 190 வாட். மூன்றாவதில் ஒரே ப்ராசஸரில் 64 கோர், 260 வாட். விலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 40 பேர் வேலை பார்க்கிறோம். இயங்குதளம் விண்டோஸ் சர்வர் 2022, டேட்டாபேஸ் மென்பொருள் எஸ்க்யூஎல் சர்வர் 2022 ஸ்டாண்டர்டு. "ஒரு கோருக்கு ஆகும் கரண்டைப் பாருங்கள், 64 கோர்தான் லாபம்" என்கிறார் விற்பனைக்காரர். முதலாளியோ கரண்ட் பில்லை வைத்து முடிவு செய்யச் சொல்கிறார். மேடம், எதை வாங்கலாம்?

பதில்: விற்பனைக்காரர் பொய் சொல்லவில்லை. 260 வாட்டை 64 கோருக்குப் பிரித்தால் கோருக்கு 4 வாட் வருகிறது. 190 வாட்டை 16 கோருக்குப் பிரித்தால் 12 வாட். அவர் சொல்லாமல் விட்டது, அந்த இரண்டு மென்பொருளையும் விற்கும் மைக்ரோசாப்டும் லைசென்ஸுக்கு அதே கோரைத்தான் எண்ணுகிறது என்பதை.

முதலாளி கேட்டது கரண்ட் என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். சர்வர் இரவு பகல் ஓடுகிறது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 310 வாட் என்றால் ஆண்டுக்குச் சுமார் 2,716 யூனிட், 190 வாட் என்றால் 1,664 யூனிட். வித்தியாசம் 1,050 யூனிட் சொச்சம். இதோடு யூபிஎஸ் தின்னும் நஷ்டமும், சர்வர் கக்கும் சூட்டை வெளியே தள்ள ஏசி எடுக்கும் கரண்டும் சேரும். சின்ன அலுவலகத்துக்கு நான் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வேன். ஆக 1,577 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று போட்டுப் பாருங்கள் (உங்கள் பில்லில் உள்ள எண்ணை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்). ஆண்டுக்கு 15,770 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 79,000 ரூபாய் சுமார்.

சரி, இப்போது லைசென்ஸுக்கு வருவோம். எஸ்க்யூஎல் சர்வர் 2012-லிருந்தே கோர் கணக்கில் விற்கப்படுகிறது. 2022 ஸ்டாண்டர்டு பதிப்பின் பட்டியல் விலை இரண்டு கோர் அடங்கிய பேக் ஒன்றுக்கு 3,945 டாலர். உங்கள் இரண்டாவது சர்வருக்கு 8 பேக், 31,560 டாலர். முதலாவதற்கு 16 பேக், 63,120 டாலர். 64 கோர் சர்வருக்கு 32 பேக், அதாவது 1,26,240 டாலர். இன்னொரு கூத்தும் இருக்கிறது. 2022 ஸ்டாண்டர்டு பதிப்பு ஒரு இன்ஸ்டன்ஸுக்கு (மெஷினில் ஓடும் ஒரு பிரதிக்கு) அதிகபட்சம் 24 கோரைத்தான் பயன்படுத்தும். மெஷினில் உள்ள 64-க்கும் பணம் கட்டிவிட்டு, 40 கோரை வேடிக்கை பார்க்க விடுவீர்கள். ஓட்டலில் சாப்பிட்ட இலையை எண்ணாமல், போட்டிருக்கும் நாற்காலியை எண்ணி பில் போடுகிற மாதிரிதான் இது.

விண்டோஸ் சர்வருக்கும் 2016 முதல் கோர் கணக்குதான். 2022 ஸ்டாண்டர்டு வெளியானபோது 16 கோருக்குப் பட்டியல் விலை 1,069 டாலர். 32 கோருக்கு அதில் இரண்டு மடங்கு, 64 கோருக்கு நான்கு மடங்கு. அதற்காக 8 கோர் சர்வர் வாங்கி இதிலும் மிச்சம் பிடிக்கலாம் என்று கிளம்ப வேண்டாம். ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்குக் கட்டியே ஆக வேண்டும்.

முதலாவது சர்வருக்கும் இரண்டாவதுக்கும் மென்பொருளில் மட்டும் 32,629 டாலர் வித்தியாசம். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 27 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். பக்கத்தில் அந்த ஐந்து ஆண்டுக் கரண்ட் மிச்சம் 79,000 ரூபாயை எழுதி முதலாளியிடம் காட்டுங்கள். வேறு எதுவும் பேச வேண்டியிருக்காது.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்க்யூஎல் ஸ்டாண்டர்டை ஆள் கணக்கிலும் வாங்கலாம். சர்வருக்கு 989 டாலர், ஆளுக்கு 230 டாலர். 40 பேருக்கு மொத்தம் 10,189 டாலர். இதில் கோரே கணக்கில் வராது. உங்கள் அளவுள்ள அலுவலகத்துக்கு இதுதான் மலிவு. 16 கோர் மெஷினில் ஆள் எண்ணிக்கை 130-ஐத் தாண்டும்போதுதான் கோர் லைசென்ஸ் லாபமாகிறது. ஒரு பொறி உண்டு: உங்கள் வாடிக்கையாளர்கள் இணையதளத்தில் நுழைந்து "என் கன்டெய்னர் எங்கே" என்று பார்க்கிறார்களா? அந்தப் பதில் இதே டேட்டாபேஸிலிருந்து போகிறது என்றால் அவர்களும் ஆள் கணக்கில் வருவார்கள். நடுவில் எத்தனை மென்பொருள் நின்றாலும் தப்பிக்க முடியாது. மண்ணடி, பாரிமுனைப் பக்கம் இந்த இடத்தில் சறுக்கிய ஏஜென்சிகளை எனக்குத் தெரியும். அப்படி வெளியாட்கள் வருகிறார்கள் என்றால் கோர் லைசென்ஸ்தான் வழி.

எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு இரண்டாவது சர்வர்தான். 16 கோர் போதுமா என்ற பயம் வரும். இப்போதைய சர்வரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கப் படிவம்) குவியும் நேரத்தில் சிபியூ எத்தனை சதவீதம் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். 20-ஐத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கொட்டேஷனில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பலாமா? எங்கள் எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "கரண்டே எடுக்கவில்லை" என்கிறார்! (மாதவரத்திலிருந்து ஒரு குடோன் மேலாளர்)

பதில்: அவர் கிளாம்பை பவர் கார்டு முழுவதையும் சுற்றி மாட்டியிருப்பார். உள்ளே பேஸ் ஒயரில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். மீட்டர் 0.02 காட்டும். ஒரு முழம் எக்ஸ்டென்ஷன் கார்டு செய்யச் சொல்லுங்கள். மேலுறையை மட்டும் நடுவில் கீறி, உள்ளே இருக்கும் மூன்று ஒயரில் பேஸ் ஒயரை, அதன் இன்சுலேஷனில் கத்தி படாமல், ஒரு வளையமாக வெளியே இழுத்துவிட வேண்டும். கிளாம்ப் அந்த வளையத்தில் மட்டும் உட்கார வேண்டும். நான் பையில் எப்போதும் ஒன்று வைத்திருக்கிறேன், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி. சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டு கார்டையும் அளந்து கூட்ட வேண்டும். சுமையை இரண்டும் பகிர்ந்துகொள்ளும்.

அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால், டெல் சர்வரில் ஐடிராக், எச்பி சர்வரில் ஐஎல்ஓ என்று ஒரு நிர்வாகப் பக்கம் இருக்கும். அதில் சராசரி, உச்சம் என்று வாட் கணக்கு தானாகவே பதிவாகிறது. மெஷின் முதுகில் "800 வாட்" என்று ஒட்டியிருப்பது பவர் சப்ளையால் எவ்வளவு தர முடியும் என்பது. சர்வர் எவ்வளவு எடுக்கிறது என்பது அல்ல. அதை வைத்து யூபிஎஸ் வாங்கினால் யூபிஎஸ் எப்போதும் கால் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும். குறைந்த சுமையில் யூபிஎஸ்ஸின் திறனும் குறைவு.

கொட்டேஷன் வாட் எந்தச் சுமையில் அளந்தது என்று கேளுங்கள். கூகுளில் இருந்த லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேவும் 2007-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சர்வர்கள் பெரும்பாலான நேரம் 10 முதல் 50 சதவீதச் சுமையில்தான் இருக்கின்றன என்று காட்டினார்கள். அந்தக் காலத்து நல்ல சர்வர்கூட எந்த வேலையும் செய்யாதபோது முழு அளவில் பாதி கரண்டை எடுத்ததாம். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் பிரசுரத்தில் பெருமையாகப் போடுவது முழுச் சுமைக் கணக்கைத்தான். கம்ப்யூட்டர்களை அளக்கச் சோதனைகள் வகுக்கும் ஸ்பெக் அமைப்பின் 2008-ஆம் ஆண்டுப் பெயர் தாங்கிய மின்சாரச் சோதனை ஒன்று உண்டு. 100 சதவீதத்தில் தொடங்கிப் பத்துப் பத்தாக இறங்கி, சும்மா இருக்கும் நிலை வரை ஒவ்வொரு படியிலும் வாட் சொல்லும். அந்த அட்டவணையில் நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி மூன்று வரிகளை.

கேள்வி: 80 பிளஸ் பிளாட்டினம், டைட்டானியம் என்கிறார்களே, கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: பவர் சப்ளை எடுக்கும் கரண்டில் எவ்வளவை வீணாக்காமல் சர்வருக்குத் தருகிறது என்பதற்கான தரச் சான்று இது. 230 வோல்ட்டில் ஓடும் சர்வர் பவர் சப்ளைக்கு, பாதிச் சுமையில், கோல்டு 92 சதவீதம், பிளாட்டினம் 94, டைட்டானியம் 96. 200 வாட் சர்வருக்கு ஒரு படி ஏறினால் 4 வாட் சொச்சம் மிச்சம். ஆண்டுக்கு 40 யூனிட். பிளாட்டினம் கூடவே வந்தால் வாங்குங்கள், தனியாகப் பணம் கேட்டால் வேண்டாம். அதைவிட, 256 ஜிபி மெமரியைப் பதினாறு 16 ஜிபி கட்டைகளாக வாங்காமல் எட்டு 32 ஜிபி கட்டைகளாக வாங்குங்கள். ஒவ்வொரு கட்டையும் சில வாட் தின்னும். வாங்கும் முன், உங்கள் ப்ராசஸரின் மெமரி சேனல்கள் (அது மெமரியோடு பேசும் பாதைகள்) எட்டிலேயே நிரம்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். டேலியில் எட்டுப் பேர் வேலை செய்ய ஒரு சர்வர் வேண்டும். ஒருவர் பழைய ரேக் சர்வர் ஒன்றை, இரண்டு ப்ராசஸரோடு, 45,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். "கம்பெனி ஐட்டம் சார், இரும்பு மாதிரி உழைக்கும்" என்கிறார். சிசிடிவி ரெக்கார்டிங்கும் அதிலேயே போட்டுவிடலாமாம். வாங்கலாமா சகோதரி?

பதில்: இரும்பு மாதிரி உழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை அண்ணாச்சி. எடையும் அப்படித்தான் இருக்கும். சத்தம் அதைவிட மோசம். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வைத்தால் வாடிக்கையாளர் விலை கேட்பது உங்கள் காதில் விழாது.

டேலிக்கு லைசென்ஸ் கோர் கணக்கில் இல்லை. ஒரே ஆளுக்கு சில்வர், ஒரே நெட்வொர்க்கில் பல பேருக்கு கோல்டு, அவ்வளவுதான். அதனால் கோர் அதிகம் இருந்தால் லைசென்ஸ் ஏறும் என்ற பயம் உங்களுக்குத் தேவையில்லை. அதே மாதிரி அத்தனை கோரும் உங்களுக்குத் தேவையில்லை. எட்டுப் பேர் பில் போடுவதற்கு, நல்ல எஸ்எஸ்டி போட்ட ஒரு சின்ன டவர் மெஷின் தாராளம்.

இங்கே கரண்ட்தான் கணக்கு. அந்த மாதிரிப் பழைய இரண்டு ப்ராசஸர் மெஷின் ஒன்றில் நான் அளந்தபோது, யாரும் வேலை செய்யாத நேரத்திலேயே 230 வாட் காட்டியது. சின்ன டவர் 60 வாட்டில் ஓடும். வித்தியாசம் 170 வாட். இரண்டு மாத பில்லில் 245 யூனிட். ஏசியைச் சேர்க்காமலே ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பக்கம் வருகிறது. மூன்று ஆண்டில் அந்த 45,000 ரூபாயை இன்னொரு முறை மின்வாரியத்திடம் கட்டியிருப்பீர்கள்.

இன்னொன்று, கடையைச் சாத்தினால் டவரையும் அணைத்துவிடலாம். ராத்திரி பத்து மணிக்குத் தானாக அணையும்படி விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிலும், காலை ஒன்பதுக்குத் தானாக எழுந்துகொள்ளும்படி மெஷினின் பயாஸ் அமைப்பிலும் நேரம் குறிக்கலாம். பேக்கப் முடிந்த பிறகு அணையட்டும். சிசிடிவியை அதில் ஏற்றினால் இந்த வசதி போய்விடும். திருட்டைப் பார்க்க வேண்டிய ராத்திரியில் மெஷின் தூங்கக் கூடாது இல்லையா? கேமராவுக்குத் தனியாக ஒரு என்விஆர் பெட்டி வாங்குங்கள். ஹார்டு டிஸ்க் தேய்வதும் அதோடு போகட்டும், கணக்கு டிஸ்க் பிழைக்கும்.

கேள்வி: மணலியில் ஒரு தொழிற்சாலையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கிறேன். ஆரக்கிள் டேட்டாபேஸ் என்டர்பிரைஸ் பதிப்பு ஓடுகிறது. ஐபிஎம் பவர் சர்வர் ஒரு பக்கம், சாதாரண எக்ஸ்86 சர்வர்கள் மறுபக்கம். இரண்டு தரப்பும் "எங்களுடையதுதான் மின்சாரத்தில் சிக்கனம்" என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, ஆரக்கிளின் கோர் பேக்டர் அட்டவணையைத் திறந்து மேசையில் வையுங்கள். உங்கள் முடிவு அந்த ஒரு தாளில் இருக்கிறது.

என்டர்பிரைஸ் பதிப்புக்கு ஒரு ப்ராசஸர் லைசென்ஸ் பட்டியல் விலை 47,500 டாலர். ஆண்டு சப்போர்ட் அதில் 22 சதவீதம். எத்தனை லைசென்ஸ் என்பதற்கு மெஷினில் உள்ள கோரைக் கோர் பேக்டரால் பெருக்க வேண்டும். இன்டெல், ஏஎம்டி எக்ஸ்86 கோருக்கு 0.5. ஐபிஎம் பவர் கோருக்கு 1. ஆக 16 எக்ஸ்86 கோருக்கு 8 லைசென்ஸ், 3,80,000 டாலர், பிறகு ஆண்டுதோறும் 83,600 டாலர். பவரில் அதே பணத்துக்கு 8 கோர்தான் கிடைக்கும். கேள்வி இப்படி மாறுகிறது: ஒரு பவர் கோர் இரண்டு எக்ஸ்86 கோரின் வேலையைச் செய்யுமா? சில வேலைக்குச் செய்யும், எல்லாவற்றுக்கும் செய்யாது. உங்கள் மாதக் கடைசி ரிப்போர்ட்டை இரண்டிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பொதுவான பெஞ்ச்மார்க் எண்ணை ஒரு ஓரமாக வைத்துவிடுங்கள்.

இதோடு நின்றிருந்தால் எக்ஸ்86 பக்கம் சாய்ந்திருப்பேன். ஆனால் மெஷினைத் துண்டு போடுவதில் ஆரக்கிள் வேறொரு கோடு கிழித்திருக்கிறது. ஒரு மெஷினைப் பல மெய்நிகர் மெஷின்களாக (விஎம்) பிரிக்கும் விஎம்வேர் மென்பொருளில், ஒரு விஎம்முக்கு 4 கோர்தான் கொடுத்தேன் என்று சொன்னால் ஆரக்கிள் தன் கொள்கைப்படி அதை ஏற்பதில்லை. அந்த விஎம் ஓடக்கூடிய கிளஸ்டரில் (ஒன்றாகக் கோர்த்த சர்வர்களில்) உள்ள எல்லாக் கோரையும் எண்ணச் சொல்லும். ஐபிஎம் பவரில் எல்பார் என்ற பிரிவினைக்கு உச்சவரம்பு போட்டால் அதை ஒப்புக்கொள்கிறது. பெரிய மெஷினில் 4 கோரை மட்டும் ஆரக்கிளுக்கு ஒதுக்கி, அந்த நாலுக்கு மட்டும் பணம் கட்டலாம். உங்களிடம் ஆரக்கிள் சின்ன அளவிலும் மற்ற வேலை பெரிய அளவிலும் இருந்தால், பேக்டர் இரு மடங்காக இருந்தும் பவர் மலிவாகிவிடும். எக்ஸ்86தான் என்றால் ஆரக்கிளுக்கென்று குறைந்த கோர், அதிக கிகாஹெர்ட்ஸ் உள்ள தனி மெஷின் ஒன்றை ஒதுக்கி, அதை எந்தக் கிளஸ்டரோடும் கோர்க்காமல் வைப்பதுதான் என் வழக்கம்.

மின்சாரம்? 500 வாட் மெஷின் ஆண்டுக்கு 4,380 யூனிட். ஏசி, யூபிஎஸ் சேர்த்தாலும் 65,000, 70,000 ரூபாய். சப்போர்ட்டோ ஆண்டுக்கு 83,600 டாலர். வேகமான கோர் கூடுதல் வாட் தின்கிறது என்றால் தின்னட்டும், அதனால் ஒரே ஒரு லைசென்ஸ் குறைந்தாலும் பல ஆண்டுக் கரண்ட் பில் அதில் வந்துவிடும்.

அந்த அட்டவணை ஆரக்கிள் கையில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். 2010 டிசம்பரில், எச்பி சர்வர்களில் இருந்த இன்டெல்லின் இடானியம் 9300 சிப் வரிசைக்குப் பேக்டரை 0.5-லிருந்து 1-க்கு ஏற்றினார்கள். மெஷின் அதேதான், செலவு இரண்டு மடங்கு. 2011 மார்ச்சில் இடானியத்துக்கு இனிப் புதுப் பதிப்பே இல்லை என்றார்கள். எச்பி வழக்குப் போட்டது. 2016-இல் ஜூரி 300 கோடி டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்புச் சொன்னது. அது எச்பிக்கு. மெஷின் வாங்கியவர்கள் நடுவில் நின்றதுதான் மிச்சம். ஒப்பந்தத்தில் நீங்கள் வாங்கும் நாளின் பேக்டரும் பிரிவினை விதியும் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: திருவொற்றியூரில் ஒரு கல்வி நிறுவனம். மூன்று சர்வரிலும் விஎம்வேர். ஒவ்வொன்றிலும் 8 கோர் ப்ராசஸர் இரண்டு. ரினியூவல் வருகிறது. மாறலாமா?

பதில்: 2023 நவம்பரில் பிராட்காம் கைக்குப் போன பிறகு விஎம்வேரில் ஒரே முறை பணம் கட்டி வாங்கும் முறை நிறுத்தப்பட்டது. இப்போது கோர் கணக்கில் சந்தா. ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது 16 கோர் என்று எண்ணுவார்கள். உங்களிடம் மூன்று சர்வரிலும் சேர்த்து இருப்பது 48 கோர். கட்டப் போவது 96-க்கு. அடுத்த முறை வாங்கும்போது 16 கோர் ஒற்றை ப்ராசஸர் மெஷின் வாங்கினால், அதே கோருக்குச் சந்தா பாதி. ப்ராசஸர் ஒன்று குறைவதால் வாட்டும் குறையும். கரண்டும் லைசென்ஸும் ஒரே பக்கம் சாயும் இடம் அபூர்வம், இது அதில் ஒன்று.

ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறலாம். விஎம்வேர் செய்யும் வேலையைச் செய்வது, லினக்ஸில் உள்ள கேவிஎம் அடிப்படையில் ஓடுவது, மென்பொருள் இலவசம், சப்போர்ட் வேண்டுமானால் சாக்கெட் (ப்ராசஸர்) கணக்கில் சந்தா. பத்து இருபது விஎம் உள்ள இடங்களில் தைரியமாகப் போடுகிறேன். ஆனால் உங்கள் பேக்கப் மென்பொருள் அதை ஆதரிக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறுகிற வேலை கோடை விடுமுறையில் நடக்கட்டும், அட்மிஷன் நேரத்தில் வேண்டாம்.

விண்டோஸ் விஎம் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்டாண்டர்டு லைசென்ஸ் ஒன்றுக்கு இரண்டு விஎம்தான். 2022 பதிப்பு வெளியானபோதிருந்த விலையில், 16 கோர் மெஷினில் பத்து விஎம் வரை ஸ்டாண்டர்டையே ஐந்து முறை அடுக்குவது 5,345 டாலர். டேட்டாசென்டர் பதிப்பு 6,155 டாலர், விஎம்முக்குக் கணக்கில்லை. பன்னிரண்டை எட்டினால் டேட்டாசென்டர் வாங்கிவிடுங்கள். கிளஸ்டரில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு விஎம் தாவும் என்றால், தாவி வந்து சேரும் சர்வரிலும் அத்தனைக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

கேள்வி: அக்கா, நான் எண்ணூரிலிருந்து எழுதுகிறேன், டிப்ளமோ மூன்றாம் ஆண்டு. ஏஆர்எம் சர்வர் கரண்ட் குறைவாக எடுக்கும் என்று எங்கள் சார் சொன்னார். அப்புறம் ஏன் நம் ஊர் அலுவலகங்களில் ஒன்றைக்கூடக் காணோம்? போன மாதம் நீங்கள் "கரண்ட் மிச்சம் பெரிய தொகை இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அதைப் பற்றிக் கவலையே பட வேண்டாமா?

பதில்: நல்ல கேள்வி தம்பி, இரண்டுமே.

உங்கள் சார் சொன்னது சரி. ஏஆர்எம் என்பது கைபேசிகளில் ஓடும் சிப் வகை. அமேசான் தன் கிராவிட்டான் என்ற ஏஆர்எம் சிப்பில் ஓடும் சர்வர்கள் அதே வேலைக்கு 60 சதவீதம் வரை குறைந்த மின்சாரம் எடுக்கும் என்கிறது. 'வரை' என்ற சொல்லைக் கவனி. ஆம்பியர் நிறுவனத்தின் ஏஆர்எம் சிப்பான ஆல்ட்ராவில் 80 கோர், ஆல்ட்ரா மேக்ஸில் 128. லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஜாவா என்று இலவச மென்பொருளில் ஓடும் வேலைக்கு இந்த மாதிரி நிறையக் கோர், குறைந்த வாட் மெஷின் அருமை. அங்கே யாரும் கோரை எண்ணுவதில்லை. எக்ஸ்86 பக்கத்தில் ஏஎம்டி 192 கோர் எபிக் போட்டதும், இன்டெல் 144 கோர் ஜியான் போட்டதும் அந்த மாதிரி வேலைக்குத்தான். நம் பக்கத்து அலுவலகங்களில் ஓடுவதோ விண்டோஸும் எஸ்க்யூஎல் சர்வரும். எஸ்க்யூஎல் சர்வர் ஏஆர்எம்மில் ஓடாது. கதை அங்கேயே முடிகிறது. வேடிக்கை என்னவென்றால் ஆரக்கிள் 2023-இல் ஏஆர்எம்முக்குத் தன் 19சி டேட்டாபேஸைக் கொண்டுவந்தது. ஆம்பியர் ஆல்ட்ரா கோருக்குப் பேக்டர் வெறும் 0.25. எக்ஸ்86-இல் பாதி. மெஷினை எது விற்கிறது என்று பார்த்தாயா?

இரண்டாவது கேள்விக்கு எண்ணூர்க்காரனிடம் ரூபாய்க் கணக்கு மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. என் அப்பா எண்ணூர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். 2017-இல் அதை மூடினார்கள். சட்டைக் காலரை அம்மா எத்தனை முறை தேய்த்தாலும் அந்தச் சாம்பல் நிறம் போகாது. இப்போது அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டில் மூன்றாம் நிலையும் சேர்ந்துகொண்டது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. இந்த இதழின் முதல் கேள்வியில் வந்த 1,577 யூனிட்டை அதால் பெருக்கு, ஆண்டுக்கு 1.1 டன். ஒரே ஒரு சர்வரைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததில். தம்புச் செட்டித் தெரு பில்லில் அது சின்னத் தொகை. சாம்பல் விழுவது அந்தத் தெருவில் இல்லை, உங்கள் கழிமுகத்தில். முதலாளிகளிடம் நான் லைசென்ஸைக் காட்டிக் கோரைக் குறைக்கச் சொல்வதில் எனக்கு இந்த லாபமும் இருக்கிறது. அவர்களிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

படிப்பை முடித்ததும் லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் ஒரு கை பார். பிறகு எழுது.

கேள்வி: காசிமேட்டில் ஐஸ் பேக்டரி அலுவலகம். சர்வர் ரூம் ஏசி எப்போதும் 18 டிகிரியில். ராத்திரி கடல் காற்று நன்றாக வருகிறது, ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் கரண்ட் மிச்சம் ஆகுமே?

பதில்: ஜன்னலை மட்டும் திறந்துவிடாதீர்கள். உப்புக் காற்று மதர்போர்டின் செம்புத் தடங்களை அரித்துவிடும். உங்கள் பக்கத்துப் படகு இன்ஜின்களின் ஒயர் முனையில் பச்சை பூத்திருக்குமே, அதேதான் உள்ளேயும் நடக்கும், கண்ணுக்குத் தெரியாமல்.

18 டிகிரியும் தேவையில்லை. ஏசி துறைப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு சர்வருக்குள் நுழையும் காற்றுக்குச் சொல்லும் பரிந்துரை 18 முதல் 27 டிகிரி வரை. ஏசியை 24-இல் வைத்து, சர்வரின் முன்பக்கம் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டுங்கள். 25, 26 காட்டினால் போதும். அதற்கு மேல் விடாதீர்கள். சர்வர் விசிறிகள் வேகம் எடுக்கும், விசிறி வேகம் இரு மடங்கானால் அது தின்னும் கரண்ட் எட்டு மடங்கு. ஏசியில் மிச்சம் பிடித்ததை விசிறியில் விட்டுவிடுவீர்கள். ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களைத் தகடு வைத்து மூடுங்கள், பின்பக்கச் சூடு முன்பக்கம் சுற்றி வராது. ஏசி பில்டரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று எழுதவில்லை. முதலில் அதைக் கழுவிவிட்டு ஒரு வாரம் யூனிட் பாருங்கள்.